வீட்டுக்கு ஒரு காவலர்

முத்தாழ் நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். தேடிக் கண்டுபிடித்தவர்கள் அதைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. அந்த நாட்டில் வீட்டுக் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் வைப்பது வழக்கம். மேல் தாழ்ப்பாள் திருடனுக்கு, நடுத் தாழ்ப்பாள் தெருநாய்க்கு, கீழ்த் தாழ்ப்பாள் கணக்கெடுக்க வரும் அரசு ஊழியருக்கு என்று மக்கள் சொல்லிக்கொண்டார்கள்.

நாட்டை ஆண்டவர் மாமன்னர் கதிர்வாகனர். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் பானையில் புளியங்கொட்டை போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்னர் அவர். முதல்முறை ஜெயித்து நான்கு வருடம் கழித்து, தன் பிறந்தநாள் விழாவில், நாட்டில் திருட்டு அடியோடு ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார். அதற்குக் கல்வெட்டு நட்டார்கள், யானை மேல் வைத்து இனிப்பு வழங்கினார்கள். ஒழித்த முறை எளிமையானது. காவல் சாவடிப் பதிவேட்டில் 'திருட்டு' என்ற தலைப்பின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டார்கள்.

இது நடந்து நான்கு மாதம் கழித்து, ஒரு நாள் உச்சிவெயிலில், அம்சவேணி வீட்டுக்குள் மூன்று பேர் புகுந்தார்கள்.

அம்சவேணி அப்பளம் போட்டு விற்பவள். அவள் கணவர் மாசானம் மாட்டுவண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். பிள்ளை குட்டி இல்லை. அவர்களுக்கு இருந்தது அந்த வீடுதான். இருவருமாக மண் சுமந்து பதினோரு வருடத்தில் கட்டியது. எந்தச் சுவரில் எத்தனையாவது அடுக்கு எந்த வருடத்து மண் என்று அம்சவேணியால் தடவிப் பார்த்தே சொல்ல முடியும்.

அன்றைக்கு மாசானம் சந்தைக்குப் போயிருந்தார். அம்சவேணி மொட்டை மாடியில் அப்பளம் காயவைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். கூடத்தில் ஒருவன் அவளுடைய கூறைப்புடவையை உதறி வெளிச்சத்தில் பிடித்து ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் பித்தளைக் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் அடுக்களையில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அம்சவேணிக்கு முதலில் பயம் வரவில்லை. சோற்றைத் தின்றுகொண்டிருந்தவனைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. கையில் இருந்த அப்பளக் குழவியால் அவன் நெற்றியில் ஒன்று போட்டாள். அவன் கையைக் கழுவாமலே ஓடினான். மற்ற இருவரும் குடத்தோடும் புடவையோடும் வெள்ளிக் கொலுசோடும் அவனைத் தாண்டி ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், மாசானம் வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் இருவரும் வாயில்துறை அலுவலகத்துக்குப் போனார்கள். நாட்டின் வீடுகளையும் வாசல்களையும் காப்பது அந்தத் துறையின் வேலை. அதன் மந்திரி குணதுங்கர் அன்று நேரில் மக்கள் குறை கேட்கும் நாள் என்பதால் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுல திருட்டுப் போயிடுச்சுங்க ஐயா" என்றார் மாசானம்.

குணதுங்கர் காதைப் பொத்திக்கொண்டார். "நான் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. நீரும் சொல்லவில்லை. நம் நாட்டில் இல்லாத ஒன்று உம் வீட்டில் மட்டும் எப்படி நடக்கும்?"

"மூணு பேரு வந்தாங்கய்யா. கொலுசு, குடம், என் கல்யாணப் புடவை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் அம்சவேணி.

"வந்தார்கள் அல்லவா? அப்படியானால் அவர்கள் அழையா விருந்தாளிகள். அதற்குப் பதிவேட்டில் இடம் இருக்கிறது. எழுத்தரே, எழுதும். அம்மணி, வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்களா?"

"ஒருத்தன் அவனாவே சோறு போட்டுத் தின்னான். நான் அவன் மண்டையில குழவியால போட்டேன்."

எழுத்தர் எழுதுகோலை வைத்துவிட்டார். மந்திரி வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"சாப்பிடுகிறவரையா? முத்தாழ் நாட்டின் விருந்தோம்பல் எங்கே போயிற்று? இனி இப்படி நடந்தால் தண்டனை உண்டு. இன்று உங்கள் மன உளைச்சலைக் கருதி மன்னிக்கிறேன்."

வெளியே வந்ததும் மாசானம் மெதுவாகச் சொன்னார்: "நல்லவேளை, நம்மள உள்ள போடல."

செய்தி பரவியது. எங்கே பரவ வேண்டுமோ அங்கே முதலில் பரவியது. வீட்டுக்குள் புகுந்தால் விருந்தாளி, அடித்தால் வீட்டுக்காரனுக்குத் தண்டனை என்று தெரிந்ததும் பக்கத்து நாட்டுத் திருடர்கள்கூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் குடும்பத்தோடு வந்தார்கள். மக்கள் வேலைக்குப் போவதை விட்டுவிட்டு முறை வைத்து வீட்டில் உட்கார்ந்தார்கள். மாசானம் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வாசலில் காவல் இருந்தார். அம்சவேணி மாடிக்குப் போகாமல் முற்றத்திலேயே அப்பளம் காயவைத்தாள். பாதி அப்பளத்தைக் கோழி மிதித்தது.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது.

கதிர்வாகனர் வீதி வீதியாக வந்து கண்கலங்கப் பேசினார். "என் மக்களே, உங்கள் வீட்டு வாசலில் ஆபத்து நிற்கிறது! நான் மட்டும் ஜெயித்தால் வீட்டுக்கு ஒரு காவலர்!" திருட்டை ஒழித்தவரே திருட்டைக் காட்டி ஓட்டுக் கேட்கிறாரே என்று யாரோ முணுமுணுத்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் இந்தப் போக்கைக் கடுமையாகக் கண்டித்தார். தான் வந்தால் வீட்டுக்கு இரண்டு காவலர் என்றார்.

தேர்தல் நாளன்று இரண்டு பானைகள் வைத்தார்கள். எதிர்க்கட்சியின் பானையை மட்டும், பாதுகாப்புக் கருதி, வாய் மூடிக் கட்டியிருந்தார்கள். மன்னர் பெருவெற்றி பெற்றார்.

வாக்குறுதியை உடனே நிறைவேற்றினார் என்பதை மறுக்க முடியாது. காவலர் வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பில் ஒரே ஒரு தகுதிதான் கேட்டிருந்தது: வீடுகளுக்குள் நுழையும் முறைகளில் நேரடி அனுபவம். இரண்டே நாளில் பெரும்பாலான இடங்கள் நிரம்பிவிட்டன.

அம்சவேணி வீட்டுக்கு வந்த காவலருக்குப் புதுத் தலைப்பாகை, புது ஈட்டி, ஆபத்தென்றால் அடிப்பதற்குக் கழுத்தில் தொங்கும் சேகண்டி, கையில் பிரிக்காத ஒரு விதிநூல். தலைப்பாகைக்குக் கீழே நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு தழும்பு.

அம்சவேணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நீயா?"

"நான்தாங்கக்கா. மொக்கராசு."

"என் புடவை எங்கடா?"

"அது மேலிடத்துக்குப் போயிடுச்சுக்கா. சும்மாவா இந்த வேலை கெடைச்சுது?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு அந்தக் கத்திரிக்காக் குழம்பு... சத்தியமாச் சொல்றேன், அந்த மாதிரி நான் தின்னதே இல்ல" என்றான்.

அவள் கதவை அறைந்து சாத்தினாள். ஆனால் சாத்தி வைக்க முடியவில்லை. காவலருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் படுக்க இடமும் தருவது வீட்டாரின் கடமை என்று மறுநாளே பறை அறைந்தார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு ஆணை வந்தது: சாவி வீட்டாரிடம் இருப்பது ஆபத்து, காவலரிடமே இருக்க வேண்டும். அம்சவேணி காய்கறி வாங்கப் போய்விட்டுத் திரும்பினால், மொக்கராசு தூங்கி எழும்வரை வெயிலில் நிற்க வேண்டியிருந்தது.

ஆனாலும் புகார் குறையவில்லை. குணதுங்கர் நிபுணர் குழு ஒன்றை அமைத்தார். குழு மூன்று மாதம் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. மந்திரி அதை நாற்சந்தியில் நின்று படித்தார்.

"வீடுகளுக்குள் திடீர்ச் சோதனை நடத்தியதில், உள்ளே நடமாடிக்கொண்டிருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்தந்த வீட்டாரே என்று தெரியவந்துள்ளது. இவர்கள் நடமாட்டத்தால் அந்நியரை அடையாளம் காண்பது காவலர்களுக்குப் பெரும் இடையூறாக இருக்கிறது. ஆகவே, காவலர் உள்ள வீட்டார் அனைவரும் அரண்மனை யானைக் கொட்டிலில் அமைக்கப்பட்டுள்ள பாதுகாப்பு முகாமுக்கு வந்துவிட வேண்டும் என அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இது சட்டம் அல்ல, வேண்டுகோள்தான். மறுப்பவர்களுக்கு மட்டுமே தண்டனை."

கொட்டிலில் யானைகள் இல்லை. யானைகளின் ஈரமும் நாற்றமும் அப்படியே இருந்தன. குடும்பத்துக்கு ஒரு பாய் கொடுத்தார்கள். சுவரில் மன்னரின் படம் மாட்டி, கீழே 'உங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது வாரம் மாசானத்துக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. முகாமில் கொடுத்த கூழ் அவர் தொண்டையில் இறங்கவில்லை.

"வீட்டுல... நம்ம அடுப்புல கொஞ்சம் கஞ்சி வெச்சுக் குடேன்" என்றார். நினைவு தெளிந்து கேட்டாரா, காய்ச்சலில் உளறினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அம்சவேணி எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, பட்டப்பகலில் நடு வீதியில் நடந்து வீட்டுக்குப் போனாள்.

மொக்கராசு வாசலில் கருகிய சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். மூன்று வாரத்தில் பாதியாக இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அக்கா, உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவுக்கா."

"எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். கஞ்சி வெக்கணும். நீயும் ஒரு வாய் குடி. நகரு."

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பழக்கதோஷம். பிறகு சாவியைக் கொடுத்தான்.

அம்சவேணி அடுக்களைக்குள் நுழைந்ததும் முதலில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அரிசியைக் களைந்தாள். கஞ்சி கொதிக்கிற நேரத்தில்தான் சோதனைப் படை வந்தது. வீட்டுக்குள் வீட்டுக்காரி இருப்பதைக் கண்டு கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

விசாரணையைக் குணதுங்கரே நடத்தினார்.

"ஈட்டியோடு காவலர் நிற்கும் வீட்டுக்குள் நீர் எப்படி நுழைந்தீர்?"

அம்சவேணி பதில் சொல்லும் முன் மொக்கராசு முந்திக்கொண்டான். தானே சாவி கொடுத்தது தெரிந்தால் அவன் வேலை போய்விடும். "ஐயா, நான் கண்ணச் சிமிட்டித் தொறக்குறதுக்குள்ள உள்ள இருந்தாங்கய்யா. சத்தமே இல்ல. எங்க தொழில்ல... எங்க துறையில இந்த மாதிரி ஆளப் பாத்ததில்ல."

மந்திரியின் புருவம் உயர்ந்தது. பக்கத்தில் இருந்த எழுத்தரிடம் குனிந்து ஏதோ கேட்டார். நாட்டில் இன்னும் எழுநூறு வீடுகளுக்குக் காவலர் போடவில்லை, அனுபவசாலிகள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

"அம்மணி, உமது குற்றம் பெரிது. அதனாலேயே உமது தகுதியும் பெரிது. சிறைக்குப் போகிறீரா, காவலராகப் பணியேற்கிறீரா? காவலரின் குடும்பம் பணியிடத்திலேயே தங்கலாம்."

அவளுக்குக் கொட்டிலில் கிடந்த மாசானத்தின் முகம்தான் நினைவுக்கு வந்தது. "ஏத்துக்கிறேன்" என்றாள். சொன்ன பிறகு வாய் கசந்தது.

அவளை நெசவாளர் தெருவில் சிட்டம்மாள் என்பவளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவரை காவலர் இல்லாததால் சிட்டம்மாள் அங்கேயே இருந்தாள். அம்சவேணி தலைப்பாகையும் ஈட்டியுமாகப் போய் நின்றபோது, சிட்டம்மாள் தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகத் தயாராக வெளியே நின்றிருந்தாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. சாவியை நீட்டினாள்.

"அடுப்புல பால் இருக்கும்மா. பொங்கிடும். அத மட்டும் எறக்கி வெச்சிடுங்க" என்றாள்.

அம்சவேணியால் அந்தச் சாவியை வாங்க முடியவில்லை.

"நீங்களே போய் எறக்குங்க" என்றாள்.

"உள்ள போகலாமா?"

"உங்க வீடுதானே? போங்க. எங்க வீட்டுக்காரர் வண்டியில படுத்திருக்காரு. அவருக்கும் ஒரு மூலையில இடம் குடுங்க."

மாசானத்தை உள்ளே படுக்கவைத்தார்கள். சிட்டம்மாள் பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். அம்சவேணி ஒரு முக்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்தாள். பிடிபட்டால் தன் கதியும் சிட்டம்மாள் கதியும் என்ன ஆகும் என்ற பயம் விடவில்லை. பயத்தை மறக்க, காவலர்களுக்குக் கொடுத்திருந்த விதிநூலைப் பிரித்தாள். அதை அதுவரை யாரும் பிரித்ததில்லை. எழுதியவர்களே பிரித்திருப்பார்களா என்பது சந்தேகம். அம்சவேணி எழுத்துக் கூட்டிப் படிப்பாள். முதல் விதியை நான்கு முறை படித்தாள்.

'வீட்டார் அழைக்காத எவரையும் காவலர் உள்ளே விடலாகாது. அவர் எவராயினும் சரி.'

வீட்டார் வெளியேற வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். இல்லவே இல்லை.

அன்று மாலையே அவள் போய் மொக்கராசிடம் அதைப் படித்துக் காட்டினாள். அவன் வாய் பிளந்து கேட்டான். "அப்போ வீட்டுக்காரங்கள உள்ள விட்டா என் வேலைக்கு ஆபத்து இல்லியாக்கா?"

"விடலேன்னாத்தான் ஆபத்து. உனக்கு யாரு சமைக்கிறது?"

இரண்டாவது காரணம் அவனை முழுவதுமாக வென்றது. கருகிய சோறு தின்றுகொண்டிருந்த மற்ற காவலர்களுக்கும் அவனே போய் விஷயத்தைச் சொன்னான். ஒரு வாரத்தில் யானைக் கொட்டில் பாதி காலியானது. மீதிப் பாதி, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

குணதுங்கருக்குத் தகவல் போயிற்று. வெண்குடை, முரசு, இரண்டு எழுத்தர்கள், ஒரு விசிறிக்காரர் சகிதம் நெசவாளர் தெருவுக்கு வந்து இறங்கினார்.

"விலகு. உள்ளே ஆய்வு செய்ய வேண்டும்."

அம்சவேணி முக்காலியிலிருந்து எழுந்தாள். ஈட்டியை நிலைப்படியில் ஊன்றிக்கொண்டாள். "உங்கள வீட்டுக்காரங்க அழைச்சாங்களா ஐயா?"

"என்னையா? நானே இந்தத் துறையின் மந்திரி! இந்த விதிகளை இயற்றியவனே நான்!"

"அப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இருங்க, எதுக்கும் கேட்டுடறேன்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "சிட்டம்மா! குணதுங்கர்னு ஒருத்தர் வந்திருக்காரு. கூப்பிட்டீங்களா?"

உள்ளேயிருந்து தறியின் சத்தம் நின்றது. "யாரு அது?" என்று கேட்டாள் சிட்டம்மாள்.

நாடெங்கும் ஒவ்வொரு நாற்சந்தியிலும் தன் படம் இருக்கும் மந்திரிக்கு முகம் சிவந்தது. அம்சவேணியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நிலைப்படியைத் தாண்டினார். உள்ளே படுத்திருந்த மாசானம் எழுந்து உட்கார்ந்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, "யாருய்யா நீ? வெளிய போய்யா!" என்று கத்தினார். அம்சவேணி கழுத்தில் தொங்கிய சேகண்டியை எடுத்து விடாமல் அடித்தாள்.

நாலு தெருக் காவலர்களும் ஓடிவந்தார்கள். வீட்டுக்குள் புகுந்தவரை நொடியில் மடக்குவது எப்படி என்று, பல முறை மடக்கப்பட்டவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? மந்திரியின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்துப் பிடித்தது மொக்கராசு. அவன் வாழ்நாளில் பிடிபட்டிருக்கிறானே தவிர, பிடித்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. வெண்குடையும் முரசும் வாசலிலேயே நின்றன. விசிறிக்காரர் மட்டும், கைப்பழக்கத்தில், வெறுங்காற்றுக்கு வீசிக்கொண்டிருந்தார்.

வழக்கு மன்னரிடமே போயிற்று. கதிர்வாகனர் நான்கு நாள் யோசித்தார். மந்திரியைத் தண்டித்தால் அரசுக்கு இழுக்கு. அம்சவேணியைத் தண்டித்தால் விதிநூலைப் பொய்யென்று சொன்னதாகும். அதில் அவருடைய முன்னுரை வேறு இருந்தது. அதற்குள் கொட்டில் முழுவதும் காலியாகி, ஒவ்வொரு வாசலிலும் வீட்டாரும் காவலரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் முரசு ஒலித்தது.

"மந்திரி குணதுங்கர் எந்தத் தவறும் செய்யவில்லை. வாசல் வழியாகச் சென்றதே அவர் செய்த பிழை. மக்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து, இனிமேல் அரசின் ஆய்வுகள் அனைத்தும் கொல்லைப்புற வழியாகவே நடைபெறும்."

மக்கள் கைதட்டினார்கள். சிலர் மன்னரின் பெருந்தன்மையைப் பாராட்டி இனிப்பும் கொடுத்தார்கள்.

சிட்டம்மாள் வாசலில் நின்று அறிவிப்பை முழுவதும் கேட்டாள். பிறகு அம்சவேணியைப் பார்த்தாள். அம்சவேணி ஈட்டியை அவள் கையில் கொடுத்தாள். முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனாள்.